சூனியப் பள்ளிக்குத் தீர்ப்புச் சொன்ன கிளாரா அக்கா

செய்தி வந்தபோது நான் பாரிட் புந்தார் பாசாரில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். "அம்மா காலையில தூக்கத்துலயே போய்ட்டாங்க" என்று கிளாரா அக்காவின் மகன் ரிச்சர்ட் எழுதியிருந்தான். படித்ததும் என் வாயில் வந்த முதல் சொல் "அப்பாடா". மீன்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். துண்டு போட்ட அளவைத்தான் பாராட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். பிறகுதான் கண்ணில் தண்ணீர் வந்தது.

கடைசி ஒரு வருடம் அவரைப் பார்த்தவர்கள் இந்த "அப்பாடா"வுக்காக என்னைத் திட்ட மாட்டீர்கள். சர்க்கரை முதலில் அவர் கண்ணை வாங்கியது, பிறகு சிறுநீரகத்தை. இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வந்த நாளில் பேசக்கூடத் தெம்பிருக்காது. இருந்தாலும் பேசுவார், அது வேறு விஷயம். "எறங்க வேண்டிய ஸ்டாப் வந்துருச்சுலா ரோஸி. பெல்லும் அடிச்சிட்டேன். இந்த பஸ்ஸுதான் நிக்க மாட்டேங்குது" என்று என்னிடம் சொன்னார். பஸ் நின்றுவிட்டது. வலியில்லாமல், ஊசியில்லாமல், சொந்தக் கட்டிலில் நின்றது. அந்த மட்டில் எனக்கு நிம்மதிதான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிளாரா அக்கா சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பண்டார் பாருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை. கம்பி வலைக்குப் பின்னாலிருந்து பேசிப் பேசி வளர்ந்த குரல் அது. வீட்டுக்குள் பேசினாலும் மூன்றாவது வீட்டுக்காரர் "என்னாங்க?" என்பார். அந்தக் குரலை வைத்துத்தான் கெடா முழுவதும் பட்டிமன்ற நடுவராகப் பேர் வாங்கினார். மாரியம்மன் கோயில் மண்டபமானாலும் மாதா கோயில் மண்டபமானாலும் அவருக்கு ஒன்றுதான்.

பட்டிமன்ற நடுவர்கள் எப்படித் தீர்ப்புச் சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். இந்த அணி சொன்னதும் உண்மை, அந்த அணி சொன்னதும் உண்மை, இரண்டும் வண்டியின் இரு சக்கரங்கள், நன்றி வணக்கம். கிளாரா அக்காவுக்கு அது கட்டோடு பிடிக்காது. "ரெண்டும் சரின்னு சொல்றதுக்கு நடுவர் எதுக்கு? மைக்க அணைச்சிட்டு சோத்தப் போட்டுடலாமே" என்பார். கோத்தா கோலா மூடாவில் ஒருமுறை, குடும்பத்துக்கு அதிகம் உழைப்பது கணவனா மனைவியா என்று தலைப்பு. மண்டபம் நிறையப் பெண்கள். இவரோ கணவன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கினார். "நான் வாழ்க்கைக்குத் தீர்ப்பு சொல்லல. வாதத்துக்குச் சொன்னேன். பொம்பளைங்க அணி தயாராவே வரல" என்று வாசலில் நின்று வேறு விளக்கினார். வழக்கமாக அந்த ஊரில் நடுவருக்கு மீன் குழம்பு கட்டிக் கொடுப்பார்கள். அன்று வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

"நல்லத மட்டும் சொன்னா வெளம்பரம். கெட்டத மட்டும் சொன்னா வயித்தெரிச்சல். ரெண்டையும் சொல்லி, எது கனம்னும் சொல்லணும்." இது அவர் வாக்கு. ஆகவே அவர் குறைகளையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுந்து வந்து கேட்பார். யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டார். பூசையில் சுருதி கீழே போய்ப் பாடுவார், அதையும் முழு நம்பிக்கையோடு பாடுவார். நம் வீட்டுச் சாப்பாட்டை முதல் வாய் விழுங்குவதற்குள் குறை சொல்லிவிடுவார். என் சம்பலைப் பார்த்து, "காரம் வந்துருக்கு, ருசி எங்க போச்சு? லீவா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பது எனக்கு இன்னும் கோபம்.

இனி என் மகள் ஜெசியைப் பற்றி. அவள் இடைநிலைப் பள்ளியில் இருந்தபோதுதான் அவள் அப்பா வேறு வாழ்க்கை தேடிப் போனார். சுங்கைப் பட்டாணியில் இருந்த வீட்டை விட்டுவிட்டு நானும் அவளும் பண்டார் பாருவுக்கு வந்தோம். புதுப் பள்ளி, புது ஊர். வந்த பிறகு அவள் வாயிலிருந்து கேட்டதெல்லாம் "ம்", "தெரியாது", "பரவால்ல" மட்டும்தான். பள்ளி விட்டு வந்தால் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். நானும் வெளியே நின்று கெஞ்சியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், கதவை உதைத்தும் இருக்கிறேன். கதவுக்கு என்ன, அது மரம்.

ஒருநாள் சாப்பிடும்போது, நான் எதுவும் கேட்காமலே, "மா, அந்தப் பள்ளிக்கூடத்துல மொத நாளே எல்லாருக்கும் ஒரு தாள் கொடுப்பாங்க. அதுல அவங்கவங்க மந்திரச் சொல்லு தானா எழுதி வரும். ஒரு புள்ளைக்கு மட்டும் வெத்துத் தாளாவே இருக்கும்" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட முழு வாக்கியம் அது. சோற்றைப் பிசைந்த கையை அசைக்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவள் சொன்னது ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். கார்ட்டூன் என்று சொன்னால் இளவட்டம் கோபித்துக்கொள்ளும், அனிமே என்று சொல்ல வேண்டும். மலையுச்சியில் ஒரு மந்திரப் பள்ளி. நெருப்பு, காற்று, பூட்டு, நிழல் என்று ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு சொல். சிகுசா என்ற பெண்ணுக்கு மட்டும் வெற்றுத் தாள். அவளை வீட்டுக்கும் அனுப்பவில்லை, வகுப்பிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. அங்கேயே இருந்து அவள் என்ன ஆகிறாள் என்பதுதான் கதை. கீழே மலாய் எழுத்து ஓடும், ஜப்பானிய மொழியில் பேசுவார்கள், என் மகள் தமிழில் எனக்குச் சொல்வாள். அவள் பேசுவது அந்தத் தொடரைப் பற்றி மட்டும்தான். எனக்கு அது போதும்.

எங்கள் மாதா கோயிலில் அப்போது இளையோர் குழு செத்துக் கிடந்தது. பங்குச்சாமியாரிடம் போய், சனிக்கிழமை மாலையில் மண்டபத்தில் இந்தத் தொடரைத் திரையில் போடலாமா, பிள்ளைகள் கூடுவார்களே என்று கேட்டேன். தாராளமாகப் போடுங்கள் என்றார். ஜெசியிடம் சொன்னபோது, "போஸ்டர் நான் செய்றேன்" என்றாள். என் சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்தாள்.

வினை அங்கேதான் வந்தது. மலாய்த் தலைப்பில் 'செகோலா சிஹிர்' என்று இருந்தது. சிஹிர் என்றால் தமிழில் என்ன என்று அவள் அகராதியைத் தட்டினாள். முதலில் வந்த சொல்லை எடுத்துப் போட்டாள். ஞாயிறு பூசைக்கு வந்த சனம், தவக்கால அறிவிப்புக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் இதைப் படித்தது: "மலையுச்சிச் சூனியப் பள்ளி. சனிக்கிழமை மாலை. பெரியோர் சிறியோர் அனைவரும் வருக. பலகாரம் உண்டு."

பூசை முடிந்ததும் ஒரே களேபரம். பங்குப் பேரவைத் தலைவர் ஞானப்பிரகாசம் அண்ணன் நோட்டீஸ் பலகைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். "சாமி கும்புடற எடத்துல சூனியம் கத்துக் கொடுக்கறதா? அலமா! அதுக்குப் பலகாரம் வேறயா?" ஒரு தாத்தா மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "வைக்க மட்டும்தான் கத்துக் குடுப்பீங்களா தாயி, எடுக்கவுமா?" என்று அக்கறையாகக் கேட்டார். இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஜெசி வாசலில் நிறுத்தியிருந்த காடிக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. இனி இந்தக் கதவு திறக்காது என்றே நினைத்தேன்.

பங்குச்சாமியார் நல்லவர், ஆனால் பயந்தவர். இந்தப் பக்கமும் பேச முடியாமல் அந்தப் பக்கமும் பேச முடியாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். வரவிருந்த ஞாயிறு ஒன்றில் பட்டிமன்றம். 'மலையுச்சிப் பள்ளித் தொடரில் மேலோங்கி நிற்பது நிறையா, குறையா?' நடுவர், கிளாரா அக்கா. அவர் தீர்ப்பே முடிவு. குறை என்றால் திரையைச் சுருட்டிவிட வேண்டியதுதான்.

பூசையில் கொட்டாவி விட்டாலே திரும்பிப் பார்த்து முறைப்பவர் அவர். இவர் மந்திரப் பள்ளிக்கு ஆதரவாகவா சொல்லப்போகிறார்? கொஞ்சம் கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் கேசரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நடுவர தனியா வந்து பாக்கலாமா? வெக்கமா இல்ல? போ வீட்டுக்கு." நான் திரும்பினேன். "கேசரிய வச்சிட்டுப் போ" என்றார்.

ஆனால் மறுநாளே ஃபோன் அடித்தார். தொடரை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கியிருந்தார். ஜப்பான் பேர்கள் அவர் வாயில் நிற்காது. சிகுசா செகப்பி ஆனாள். தலைமையாசிரியர் தொரை ஆனார். பட்டியல் தூக்கிக்கொண்டு திரியும் ஆசிரியை கிராணியம்மா. சின்ன மாணவர்களை மிரட்டும் மாணவத் தலைவன் தண்டல். தோட்டத்தில் மேலே தொரை, கணக்கெழுதும் கிராணி, வேலை வாங்கும் தண்டல் என்று பார்த்து வளர்ந்தவர் அல்லவா? "ரோஸி, அந்தத் தண்டல் பய நெழலுக்குள்ள போனானே, வெளிய வந்தானா?" என்பார். "வருவான்க்கா" என்றால், "சொல்லாத! சொல்லாத! யாரு உன்ன சொல்லச் சொன்னா?" என்று வைத்துவிடுவார். நிறையா குறையா என்று மட்டும் மூச்சு விடவில்லை.

பட்டிமன்றத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. ஜெசியை இழுத்துக்கொண்டுதான் வந்தேன். தலைமூடிச் சட்டைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, வாசலை ஒட்டிய கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஞானப்பிரகாசம் அண்ணன் அணி வேதாகம வசனங்களோடு வந்திருந்தது. இளையோர் அணி ஆர்வத்தோடு மட்டும் வந்திருந்தது. தயார் செய்யாத அணியை இவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும் அல்லவா? கோத்தா கோலா மூடா ஞாபகம் வந்தது.

கிளாரா அக்கா மைக்கைப் பிடித்தார். மைக் அவருக்குத் தேவையில்லை, பழக்கத்துக்குப் பிடிப்பார். குறையில்தான் ஆரம்பித்தார்.

"மூணாவது பாகம் பூரா போட்டி, போட்டி, போட்டி. ஒருத்தன் கைய தூக்கறான். நான் எழுந்து போயி சோறு வடிச்சி, கொழம்பு வச்சி, துணியக் காயப் போட்டுட்டு வந்தேன். இன்னும் அவன் கைய எறக்கல. நடுவுல அவன் தாத்தா கதைய நெனச்சுப் பாத்துக்கிட்டு நிக்கறான். அடிக்கறதுன்னா அடிலா!" மண்டபம் குலுங்கியது. "மலையில அவ்வளவு குளிரு. ஆம்பளப் பயலுங்க கழுத்து வரைக்கும் போத்திக்கிட்டுத் திரியறாங்க. பொம்பளப் புள்ளைங்க பாவாடைக்கு மட்டும் துணி பத்தல. அந்தக் குண்டுப் பையன எப்பப் பாத்தாலும் திங்க விட்டு சிரிக்கறாங்க. அந்தப் பையனுக்குன்னு எழுத வேற வேலையே கெடைக்கலயா? அப்புறம், நல்ல குடும்பத்துல பொறந்தவனுக்குத்தான் நல்ல சொல்லு வருதாம். மேல தொரை, நடுவுல கிராணி, கீழ தண்டல். போர்டுல பள்ளிக்கூடம், உள்ள நடக்கறது தோட்டம். இதப் பாக்கறதுக்கு நான் ஜப்பான் வரைக்கும் போகணுமா? எங்கப்பா வாழ்ந்த தோட்டத்து லயத்துலயே பாத்துட்டேன்."

ஞானப்பிரகாசம் அண்ணன் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஜெயித்தாயிற்று என்று அவர் முகம் சொன்னது. ஜெசி எழுந்து போய்விடுவாளோ என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"இதெல்லாம் சின்னக் கொற. பெரிய கொற ஒண்ணு இருக்கு." அக்காவின் குரல் இறங்கியது. அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. "அத்தன புள்ளைங்க அந்த மலையில. ஒரு தாயி வந்து எட்டிப் பாக்கல. கடுதாசி இல்ல, ஃபோன் இல்ல. வெத்துத் தாள் வந்த அன்னைக்கு அந்தச் செகப்பி கட்டில்ல சுருண்டு படுத்துருக்கு. நான் இங்க டிவிக்கு முன்னால நின்னு கத்தறேன். அடியேய், எங்கடி உன் ஆத்தா? செத்துட்டான்னாவது சொல்லுங்கடா. அதுகூடச் சொல்லல. அந்த எழுதுனவனுக்கு அம்மான்னு ஒருத்தி இருக்கறதே ஞாபகம் வரல."

பிறகு நிறைக்கு வந்தார். "மழைய வரைஞ்சிருக்கான் பாருங்க, நம்ம ஊரு மழ மாதிரியே தகரத்துல அடிக்குது. சமையக்கட்டுல ஆவி பறக்கறதப் பாத்தா எனக்கே பசிக்குது. அதவிட, இந்தப் புள்ள இதுவரைக்கும் வந்த பாகத்துல பெரிய வீராங்கனையா ஆவல. வேற கதையா இருந்தா, திடீர்னு தாள்ல ஒரு பெரிய மந்திரம் தெரியும், எல்லாரையும் பறக்க விட்டுருவா. இதுல தாள் இன்னும் வெத்தாத்தான் இருக்கு. அவ சாப்பிடறா, படிக்கறா, சிரிக்கறா. இது மந்திரம் கத்துக் கொடுக்கற தொடர் இல்லய்யா. மந்திரம் வரலன்னா எப்படி வாழறதுன்னு சொல்ற தொடர்." மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினார். "அந்த வெத்துத் தாள் வந்த ராத்திரி அவ கூட்டாளிங்க ரெண்டு பேரு வந்தாங்களே, பாத்தீங்களா? கதவ ஒடைக்கல. என்னா ஆச்சுன்னு கேக்கல. அட்வைஸ் பண்ணல. கதவுக்கு வெளிய ஒக்காந்து ஆரஞ்சுப் பழத்த உரிச்சித் தின்னாங்க. அவ்வளவுதான். அந்த ஒரு எடத்துக்கே நான் இவனுக்கு எல்லாத்தயும் மன்னிப்பேன்."

நான் உதைத்த கதவு என் கண் முன்னால் நின்றது.

"கடைசியா அந்த போஸ்டரு" என்றார். மண்டபம் முழுவதும் என் மகளைத் திரும்பிப் பார்த்தது. "சூனியம்னா என்னா? பில்லி சூனியம் ஒண்ணு. ஒண்ணுமே இல்லாததுக்கும், வெறுமைக்கும், சைபருக்கும் பேரு சூனியம்தான். நீங்கல்லாம் மொத அர்த்தத்தப் படிச்சிட்டு ஓட்டம் புடிச்சீங்க. இந்தப் புள்ள எழுதுனது ரெண்டாவது அர்த்தம். வெத்துத் தாள் வாங்குனவ படிக்கற பள்ளிக்கூடம், சூனியப் பள்ளி. இம்புட்டுப் பொருத்தமா ஒரு தலைப்பு இங்க எவனுக்காச்சும் வருமா? தமிழ் தெரியாம நாம பண்ண கூத்துக்கு அது ஏன்யா தலைய மூடிக்கிட்டு ஒக்காரணும்?"

அகராதியில் முதலில் கண்ட சொல்லைத் தட்டிப் போட்டாள் என்பது எனக்குத் தெரியும், ஜெசிக்குத் தெரியும். கிளாரா அக்காவுக்கும் தெரியும், நானே ஃபோனில் சொல்லியிருந்தேன். சம்பலில் உப்புக் குறைந்தால்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனுஷி, அன்று மாதா சொரூபத்துக்குக் கீழே நின்று கூசாமல் சொன்னார். ஜெசி தலைமூடியைப் பின்னால் தள்ளினாள். காது இரண்டும் சிவந்திருந்தன. வெட்கமும் சிரிப்புமாக அவள் முகத்தை நான் முழுசாகப் பார்த்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது!

தீர்ப்பு இதுதான்: "நிறையே. ஆனா ஒரு நிபந்தன. புள்ளைங்கள உள்ள விட்டுட்டு வெளிய நின்னு கத பேசக்கூடாது. பெத்தவங்க பக்கத்துல ஒக்காரணும். அந்தத் தொடர்ல இல்லாதத நம்ம மண்டபத்துல நாம போட்டுக்குவோம்." சுமந்து வந்த கேஸ் தோம்பை, அதுதான் சிலிண்டரை, கீழே வைத்த மாதிரி இருந்தது எனக்கு. பக்கத்தில் இருந்த அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதேவிட்டேன். அவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது.

சனிக்கிழமைகள் அப்படித்தான் ஆரம்பித்தன. மலாய் எழுத்து வேகமாக ஓடுவதால் பெரியவர்களுக்குப் பிடிபடவில்லை. "யாராச்சும் சத்தமா தமிழ்ல சொல்லுங்கலா" என்று கத்தியது வேறு யாருமில்லை, ஞானப்பிரகாசம் அண்ணன்தான். ஜெசி சொல்ல ஆரம்பித்தாள். முதல் வாரம் முனகல். பிறகு எழுந்து நின்று சொன்னாள். அதற்கப்புறம் ஆளுக்கொரு குரல் மாற்றிச் சொன்னாள். "பாப்பா, கொஞ்சம் பின்னால போ, அந்தப் பறவ என்னா சொல்லுச்சு?" என்று அண்ணன் கேட்பார். தொடரில் வரும் அந்தப் பேசும் பறவை மேல் அவருக்கு உயிர். நான் நிபந்தனைப்படி என் மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வீட்டிலும் கதவு மெதுவாகத் திறந்துகொண்டது. நான் எதுவும் செய்யவில்லை, ஆரஞ்சு மட்டும் நிறைய வாங்கினேன்.

ஜெசி இப்போது அலோர் ஸ்டாரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தொடரின் கடைசிப் பாகம் இந்த வருடம்தான் வந்தது. அதற்குள் கிளாரா அக்காவுக்குப் பார்வை போய்விட்டது. "பாக்கத்தான் முடியாது, கேக்கலாம்ல? சொல்லு புள்ள" என்றார். வாராவாரம் ஜெசி ஃபோனில் கதை சொன்னாள். அக்கா குறை சொல்லிக்கொண்டே கேட்டார். "தண்டல் பய திருந்திட்டானா? அவ்வளவு சீக்கிரமாவா? எழுதுனவனுக்கு அவசரம்." கடைசி அத்தியாயத்தை மட்டும் நேரில் சொல்கிறேன் என்று ஜெசி விடுமுறை போட்டு வந்தாள். நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். அக்கா இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு அது.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். ஜெசி அவர் காலடியில் உட்கார்ந்து சொன்னாள். கடைசித் தேர்வு முடிகிறது, பனி கொட்டுகிறது, செகப்பி வெற்றுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு வருகிறாள்.

"அப்ப வாசல் கேட்டுப் பக்கத்துல ஒரே சத்தம், ஆன்ட்டி. யாரோ ஒரு பொம்பள, காவல் நிக்கற ஜாகாகிட்ட சண்டை போடறாங்க. 'எம் புள்ளயப் பாக்க எனக்கு எதுக்குய்யா பாஸு?'ன்னு."

"யாருடி அது?"

"அவ அம்மா."

அக்கா கட்டிலில் நிமிர்ந்தார். "வந்தாளா?"

"வந்தாங்க, ஆன்ட்டி. வேலையில இருந்து அப்படியே வந்துருக்காங்க. கழுத்துல ஆபீஸ் அட்டை தொங்குது, கழட்ட மறந்துட்டாங்க."

"பாஸானியா, பெயிலானியான்னு கேட்டாளா?"

"அதெல்லாம் கேக்கல. 'பசியாறுனியா?'ன்னு மட்டும் கேட்டாங்க."

அக்கா தலையணையைத் தடவிச் சரி செய்துகொண்டார். பிறகு, "போதும்" என்றார். "எழுதுனவனுக்குக் கடைசியில புத்தி வந்துருச்சு. இனிமே நான் ஒரு கொறையும் சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். நானும் அந்த ஜப்பான்காரனை மனசுக்குள் வாழ்த்தினேன்.

அடக்கப் பூசையில் ஞானப்பிரகாசம் அண்ணன் பேசினார். ஒரு குறைகூடச் சொல்லவில்லை, எல்லாம் விளம்பரம். அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன். எழுதுமுன், பிழை வந்துவிடக்கூடாதே என்று அந்தக் கடைசி அத்தியாயத்தைப் போட்டுப் பார்த்தேன். பனி கொட்டியது. செகப்பி வெற்றுத் தாளோடு வாசலுக்கு வந்தாள். கேட் திறந்தது. வெளியே ஒருவரும் இல்லை. அவள் தனியாக மலையிறங்கிப் போனாள், பாட்டு வந்தது, முடிந்துவிட்டது. பாட்டுக்குப் பிறகு ஏதாவது இருக்குமோ என்று காத்திருந்தேன். மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அம்மா என்று யாருமே இல்லை.

ஜெசிக்கு ஃபோன் போட்டேன். "அந்த அம்மா எங்கடி?"

"இல்லம்மா. நாந்தான் போட்டேன். ஆன்ட்டி அவ்வளவு நாளா அதுக்குத்தானே காத்திருந்தாங்க. யாரும் வரலன்னு எப்படிச் சொல்றது?"

"எங்கேருந்துடி புடிச்ச அப்படி ஒரு அம்மாவ?"

"வேற எங்கேருந்து? நான் பரீட்சையில ஃபெயிலாயி ஃபோன எடுக்காம இருந்தேனே, அன்னைக்கு நீ ஹாஸ்டல் கேட்டுல ஜாகாகிட்ட போட்ட சண்டைய மறந்துட்டியா? கழுத்துல ஆபீஸ் அட்டையோட வந்து நின்ன. நல்லா திட்டு விழும்னு நெனச்சுக்கிட்டே எறங்கி வந்தேன். நீ, பசியாறுனியான்னு கேட்ட."

எனக்கு அப்படிக் கேட்டதாக நினைவே இல்லை. அவளுக்கு இருக்கிறது.

கிளாரா அக்காவை அறிந்தவர்கள் அவரிடமிருந்து ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டிருப்பீர்கள். சிலருக்கு அவர் குரல், சிலருக்கு அவர் தீர்ப்புகள். எனக்கு அவர் கட்டிலில் நிமிர்ந்து கேட்ட ஒரு சொல் போதும். "வந்தாளா?" என்று கேட்டார். "வந்தாங்க" என்று என் மகள் சொன்னாள்.